திகில் நாவல்களும் அவற்றின் வாசகரும்: ‘நோதங்கர் அபி’ பற்றி ஒரு நோக்கு

திகில் நாவல்களை விரும்பிப் படிப்போரிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் படிப்பது தனிமையில், பெரும்பாலும் இரவில். ஆனால் படித்ததைத் தமக்குள் வைத்திருக்க அவர்களால் இயலாது. மறுநாட் காலையில் தம்மைப் போன்ற இன்னொருவரைத் தேடிச் சென்று, எந்த இடத்தில் விளக்கை அணைக்க மனம் வரவில்லை, முடிவு ஏமாற்றியதா, இதைப் போன்ற வேறு நூல் யாரிடம் உண்டு என்றெல்லாம் உசாவுவர். கதையின் முடிவை ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிடின் மற்றவர் சினங்கொள்வதும் உண்டு. இலக்கிய விமர்சனம் என நாம் வழங்குவது இவ்வுரையாடலைத் தன் இனமாகக் கொள்வதில்லை. ‘பயமாக இருந்ததா?’ என்னும் வினா விரிவுரை மண்டபத்தில் எழுப்பத்தக்க ஒன்றாக மதிக்கப்படுவதுமில்லை.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஈழத்துத் தமிழ் விமர்சனம் யதார்த்தத்தைத் தன் தலையாய அளவுகோலாக வரித்துக்கொண்டு வளர்ந்தது. ஒரு நாவல் எத்தகைய சமூக உறவுகளைக் காட்டுகிறது, எவர் பக்கம் நிற்கிறது என்று கேட்கப் பழகிய நாம், பாழடைந்த கோட்டைகளையும் இரகசியக் கதவுகளையும் கண்டவுடன் ‘தப்பியோடும் இலக்கியம்’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அவ்வளவுகோல் நமக்குத் தந்த பயன் பெரிது. அதே அளவுகோலை நேர்மையாகப் பிரயோகிப்பின் திகில் நாவலும் அதன் வாசகரும் நாம் எண்ணியதினும் வேறாகத் தோன்றுவர் என்பதே இங்கு நான் கூற முற்படுவது. இதற்கு ஜேன் ஒஸ்ரின் எழுதிய ‘நோதங்கர் அபி’ என்னும் ஆங்கில நாவலை எடுத்துக்கொள்கிறேன். திகில் நாவல் வாசகர் தமக்குள் பேசிக்கொள்வதை இத்துணை நுணுக்கமாகச் செவிமடுத்த வேறொரு படைப்பை நான் படித்ததில்லை.

இந்நாவலின் வரலாறு சற்று விசித்திரமானது. 1798, 1799 ஆண்டுகளை ஒட்டி எழுதப்பெற்ற இது, 1803 இல் ‘சூசன்’ என்னும் பெயரில் குறொஸ்பி என்ற வெளியீட்டாளருக்குப் பத்துப் பவுணுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் அச்சிடவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1816 இல், அதே பத்துப் பவுணைக் கொடுத்து ஒஸ்ரின் குடும்பத்தார் கையெழுத்துப் பிரதியை மீட்டனர். 1817 ஜூலையில் ஆசிரியை காலமானார். அவ்வாண்டின் இறுதியில், 1818 என்று முகப்பில் ஆண்டிடப்பட்டு நூல் வெளிவந்தது. எனவே இதில் வரும் பாத்திரங்கள் ஆவலோடு பேசும் நூல்கள் வெளியீட்டு வேளையில் இருபதாண்டுப் பழைமை அடைந்திருந்தன. 1790களின் வாசிப்புச் சூழலுக்கு உரிய நாவலாகவே இதனைக் கொள்ளல் வேண்டும்.

அச்சூழலை அமைத்தவர்களுள் தலையானவர் அன் றட்கிளிவ். 1764 இல் ஹொறேஸ் வால்போல் ‘ஒற்றான்ரோக் கோட்டை’யை வெளியிட்டுத் தொடக்கிவைத்த ‘கொதிக்’ நாவல் மரபு, றட்கிளிவ்வின் ‘யூடொல்போவின் மர்மங்கள்’ 1794 இல் நான்கு பாகங்களாக வெளிவந்தபோது உச்சநிலை எய்தியது. அந்நூலுக்கு அவர் பெற்ற ஐந்நூறு பவுணை ஒஸ்ரினின் பத்துப் பவுணோடு வைத்து நோக்கின் திகில் நாவலுக்கு அன்றிருந்த வேட்கை புலப்படும். இலண்டன் லெடன்ஹோல் வீதியில் வில்லியம் லேன் நடத்திய மினேர்வா அச்சகம் இத்தகைய நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. சந்தா கட்டி நூல்களை இரவல் பெறும் நூலகங்கள் அவற்றை நாடெங்கும் பரப்பின. எழுதியோருள்ளும் படித்தோருள்ளும் பெண்கள் பலராயிருந்தமையும், அக்காலத்துப் பத்திரிகையாளர் இவ்வாசகரை நோக்கிச் சிரித்தமையும் ஒன்றோடொன்று தொடர்புடையன.

ஆறாம் அத்தியாயத்துக்கு வருவோம். பாத் நகரின் ஊற்றுநீர் மண்டபத்தில் பதினேழு வயதுக் கதரினும் அவளினும் சற்று மூத்த இசபெல்லாவும் சந்திக்கின்றனர். கதரின் ‘யூடொல்போ’வைப் படித்துக்கொண்டிருக்கிறாள்; கறுப்புத் திரை தொங்கும் இடம்வரை வந்துவிட்டாள். திரைக்குப் பின்னால் இருப்பது யாதென்று இசபெல்லாவுக்குத் தெரியும். சொல்லட்டுமா என்று ஆசைகாட்டுகிறாள். கதரின் வேண்டாம் என்று தடுத்துவிட்டு, எலும்புக்கூடாகத்தான் இருக்கும் என்று தன் ஊகத்தையும் உடனே சொல்லிவிடுகிறாள். இந்நூல் முடிந்தபின் படிப்பதற்கென இசபெல்லா ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள். ஏழு நூல்களின் பெயரை வாசித்துக் காட்டுகிறாள். அவை எல்லாம் பயங்கரமானவையா, நிச்சயமாகவா என்பதே கதரினின் கேள்வி. நிச்சயந்தான், ஏனெனில் தன் தோழி மிஸ் அன்றூஸ் அவை அனைத்தையும் படித்துவிட்டாள் என்கிறாள் இசபெல்லா.

ஒஸ்ரினின் அங்கதம் இங்கே எங்கு விழுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். பட்டியலைப் பரிந்துரைக்கும் இசபெல்லா அந்நூல்களைத் தான் படித்ததாகச் சொல்லவில்லை. அவளுடைய தீர்ப்பு இரவல் தீர்ப்பு. றிச்சட்சனின் ‘சேர் சாள்ஸ் கிறண்டிசன்’ பற்றிப் பேச்சு வந்தபோதும், மிஸ் அன்றூசினால் அதன் முதற் பாகத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை என்பதே அவள் கூறும் விமர்சனம். கதரினோ அந்நூல் தனக்குச் சுவையாக இருந்தது என்கிறாள். திகில் நாவலில் மூழ்கிக் கிடப்பவள் என்று நாம் நகைக்கவேண்டிய பெண்ணே அவ்விருவருள் தான் படித்ததைத் தன் வாயால் பேசுபவள். அடுத்த அத்தியாயத்தில் இசபெல்லாவின் தமையன் ஜோன் தோர்ப் இன்னும் ஒருபடி மேலே போகிறான். நாவல்கள் எல்லாம் வெறும் பிதற்றல், ‘ரொம் ஜோன்ஸ்’, ‘துறவி’ ஆகிய இரண்டுமே தேறும், ‘யூடொல்போ’வைத் தான் தொடவும் மாட்டேன், படிப்பதாயின் மிஸிஸ் றட்கிளிவ்வின் நூல்களையே படிப்பேன் என்கிறான். ‘யூடொல்போ’வை எழுதியவரே றட்கிளிவ் என்று கதரின் தயங்கித் தயங்கிச் சொல்லவேண்டி வருகிறது. படிக்காமலே தீர்ப்புரைக்கும் இந்த ஆண்மகனை நம் இலக்கியக் கூட்டங்களில் நாம் சந்தித்ததில்லை என்று எவரும் சொல்லார்.

இசபெல்லாவின் பட்டியலுக்கு நேர்ந்த கதியும் இங்குச் சொல்லத்தக்கது. அந்த ஏழு பெயர்களும் நகைச்சுவைக்காக ஒஸ்ரின் புனைந்தவை என்றே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். ‘வொல்பன்பாக் கோட்டை’, ‘நள்ளிரவு மணி’, ‘றைன் நதியின் அநாதை’ போன்ற பெயர்கள் கேலிக்கென்றே செய்தவை போலத் தோன்றியமை இயல்பே. அவை யாவும் 1793க்கும் 1798க்கும் இடையில் உண்மையாக வெளிவந்த நூல்கள் என்பதும், ஏழில் ஆறு மினேர்வா அச்சகத்தில் அச்சானவை என்பதும் 1920களில் தெளிவாயின. 1927 இல் மைக்கல் சட்லெயர் அவ்வேழு நாவல்களையும் பற்றி ஓர் ஆய்வினை வெளியிட்டார். புலமையாளர் நூறாண்டுகளாக இருக்கின்றனவா என்றே அறியாதிருந்த நூல்களின் பெயர்களை, தோழியர் இருவரின் ஒரு காலைப் பேச்சு காத்து வைத்திருந்தது. வாசகர் உரையாடலை இலக்கிய வரலாற்றின் சான்றாகக் கொள்ளத் தயங்குவோர் இதனைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

இனிக் கறுப்புத் திரை. எமிலி அத்திரையை விலக்குகிறாள், கண்டதும் மூர்ச்சித்து விழுகிறாள். கண்டது எது என்பதை றட்கிளிவ் பல நூறு பக்கங்களுக்குச் சொல்லாமலே விட்டு, நூலின் முடிவை அண்மித்தபோதுதான் அது மெழுகாற் செய்த பிணவுரு என்று வெளியிடுகிறார். ஏமாற்று என்று இதனைப் பழித்தோர் உண்டு. எனக்கும் அவ்விளக்கம் மிகச் சப்பென்றே பட்டது. எனினும் காரணமின்றி அவர் அவ்வாறு செய்யவில்லை. அவர் இறந்து மூன்றாண்டுகளின் பின் 1826 இல் வெளிவந்த கட்டுரையொன்றில், அச்சத்தையும் கோரத்தையும் அவர் வேறுபடுத்துகிறார். நிச்சயமற்ற ஒன்றை எதிர்நோக்கும் அச்சம் உள்ளத்தை விரித்து விழிப்புறச் செய்கிறது. கண்முன் கிடக்கும் கோரம் உள்ளத்தைச் சுருக்கி உறையச் செய்கிறது என்பது அவர் கருத்து. மதியூ லூயிஸ் 1796 இல் வெளியிட்ட ‘துறவி’ இரண்டாவது வழியிற் செல்வது. பிணத்தையும் புழுவையும் மறைக்காது காட்டுவது. தமிழ் இலக்கணம் பயின்றார்க்கு இவ்வேறுபாடு அந்நியமாகத் தோன்றாது. மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் இளிவரலையும் தொல்காப்பியர் தனித்தனியே வைத்துள்ளார். இரண்டும் முற்றாக ஒத்தவை என்று நான் வாதிடவில்லை. அச்சம் என்பது அருவருப்பின்றியும் நிகழும் ஒரு தனி உணர்வு என்பதில் இருவரும் உடன்படுகின்றனர் என்ற அளவே போதும்.

தொல்காப்பியர் அச்சத்தின் நிலைக்களன்களாக நான்கினை உரைக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. முதல் மூன்றும் எவரும் எதிர்பார்ப்பன. பேய், காட்டுவிலங்கு, திருடர் என்று இன்றைய திகில் கதைகளும் இம்மூன்றையுமே மீளமீளப் பயன்படுத்துகின்றன. நான்காவது நின்று சிந்திக்கச் செய்வது. காக்கவேண்டியவனே அச்சத்துக்குக் காரணமாகிறான். அரசன் முதலாக நம்மீது ஆணை செலுத்தும் நிலையிலுள்ளோர் யாவரையும் இச்சொல்லில் அடக்கலாம் எனக் கருதுகிறேன். பேய்க்கும் அரசனுக்கும் அஞ்சும் அச்சத்தை ஒரே வரிசையில் வைத்த இவ்விலக்கணம், ‘நோதங்கர் அபி’யைப் படிக்கையில் எனக்கு ஓயாது நினைவுக்கு வந்தது.

பதினான்காம் அத்தியாயத்தில் பாத் நகரை அடுத்த பீச்சன் குன்றிலே கதரின், ஹென்றி ரில்னி, அவன் தங்கை எலியனோர் ஆகிய மூவரும் உலாவுகின்றனர். பேச்சு நூல்களைப் பற்றித் திரும்புகிறது. ஆண்கள் நாவல் படிப்பதில்லை என்று எண்ணியிருந்த கதரினிடம், றட்கிளிவ்வின் நூல்கள் அனைத்தையும் தான் மகிழ்ந்து படித்ததாக ஹென்றி ஒப்புக்கொள்கிறான். ‘யூடொல்போ’வை இரண்டு நாளில் மயிர்சிலிர்க்கப் படித்து முடித்தானாம், தங்கைக்கு வாசித்துக்காட்டுவதாக வாக்களித்துவிட்டு, அவள் ஒரு கடிதத்துக்குப் பதிலெழுதச் சென்ற சில நிமிடங்களுக்குள் நூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டானாம். திகில் நாவல் விரும்பிகளின் உறவு இதனால் நன்கு விளங்கும். சற்று நேரத்தின்பின், இலண்டனில் மிகப் பயங்கரமான ஒன்று விரைவில் வெளிவரப்போவதாகக் கேள்விப்பட்டேன் என்கிறாள் கதரின். கொலையும் அதுபோன்றனவும் இருக்குமாம். எலியனோர் திடுக்குறுகிறாள். அரசாங்கம் தக்க நடவடிக்கை எடுத்துத் தடுத்துவிடும் என்று நம்புவதாகச் சொல்கிறாள்.

கதரின் சொன்னது ஒரு புதிய நாவலை. எலியனோர் விளங்கிக்கொண்டது ஒரு கலகத்தை. ஹென்றி இடையிற் புகுந்து இருவரையும் கேலிசெய்து விளக்குகிறான். ஒருத்தி கருதியது மூன்று பாகமும், பாகத்துக்கு இருநூற்று எழுபத்தாறு பக்கமும், முகப்பில் இரு கல்லறைகளும் ஒரு விளக்கும் வரைந்த நூல். மற்றவள் கண்டதோ சென் ஜோர்ஜ் வெளியில் மூவாயிரம் பேர் திரள்வதும், வங்கி தாக்கப்படுவதும், வீதிகளில் இரத்தம் ஓடுவதும், தமையன் பிரெடறிக் சேவைபுரியும் குதிரைப்படை வரவழைக்கப்படுவதும். ஹென்றிக்கு இது வெறும் நகைப்பு. ஆனால் 1780 ஜூனில் அதே சென் ஜோர்ஜ் வெளியில் திரண்ட கூட்டத்தில் தொடங்கியே கோர்டன் கலவரம் மூண்டது. இங்கிலாந்து வங்கியும் உண்மையாகவே தாக்கப்பட்டது. 1790களிலோ பிரெஞ்சுப் புரட்சியின் செய்திகள் நாளும் வந்தவண்ணமிருந்தன. இத்தகைய நாவல்கள் ஐரோப்பா முழுவதையும் உலுக்கிய புரட்சி அதிர்ச்சிகளின் விளைவே என்று சாட் பிரபு 1800 இல் எழுதியதை இங்கு ஒப்புநோக்கலாம். ஊரடங்குச் சட்டத்தையும் வதந்தியையும் அறிந்து வளர்ந்த நம் நாட்டு வாசகருக்கு எலியனோரின் திடுக்கத்தை விளக்கவேண்டியதில்லை. நூலின் அச்சமும் நாட்டின் அச்சமும் ஒரே சொற்களில் பேசப்படுகின்றன. ஹென்றியின் கேலி அவ்வுண்மையை மறைக்க முயன்று, நம்மை அறியாமலே அதனை நம்முன் கொணர்ந்துவிடுகிறது.

நாவலின் பிற்பகுதி யாவரும் அறிந்தது. ரில்னி குடும்பத்தாரின் விருந்தாளியாக ஒரு பழைய துறவி மடத்தில் தங்கும் கதரின், அங்கே ‘யூடொல்போ’வைக் காண முயல்கிறாள். பழம்பெட்டியைத் திறந்தால் வெண்ணிறப் படுக்கை விரிப்பு. கறுத்த அலுமாரியின் உள்ளறையில் ஒரு காகிதச் சுருள். புயல் வீசுகிறது, மெழுகுதிரி அணைகிறது, விடியும்வரை உறக்கமில்லை. காலையில் விரித்துப் பார்த்தால் அது சலவைக் கணக்கு. இவற்றோடு நில்லாமல், வீட்டுத் தலைவரான ஜெனரல் ரில்னி தம் மனைவியைக் கொன்றிருப்பார் அல்லது எங்கோ பூட்டி வைத்திருப்பார் என்று ஐயுறத் தொடங்குகிறாள். இரவில் கூடத்தில் மேலும் கீழும் உலாவும் அவர் தோற்றம் ‘யூடொல்போ’வின் மொன்ரோனியை அவளுக்கு நினைவூட்டுகிறது. ஹென்றி இதனை அறிந்து அவளைக் கண்டிக்கிறான். அவள் நாணி அழுகிறாள். நாவல் படித்துக் கெட்ட பெண் திருந்திவிட்டாள் என்பது பாடநூல்கள் தரும் வாசிப்பு.

அவ்வாசிப்பு நாவலைப் பாதியில் மூடிவிடுகிறது. கதரின் பெருஞ்செல்வத்துக்கு உரியவள் என்று ஜோன் தோர்ப் சொன்னதை நம்பியே ஜெனரல் அவளை விருந்துக்கு அழைத்திருந்தார். அவளிடம் அத்தகைய செல்வம் இல்லை என்று அதே தோர்ப் பின்னர் சொன்னதும், ஒரு ஞாயிறு அதிகாலையில், துணைக்கு ஒரு பணியாளைக்கூட அனுப்பாமல், எழுபது மைல் தொலைவிலுள்ள வீட்டுக்கு அவளைத் தனியே துரத்திவிடுகிறார். வழிச்செலவுக்குப் பணம் உண்டா என்று கேட்கக்கூட எலியனோரைத் தவிர எவருமில்லை. முந்திய இரவு அதே அறையில் கதரின் உறக்கமின்றிக் கிடக்கிறாள். காற்று வீசுகிறது, வீடெங்கும் ஒலிகள் கேட்கின்றன. அவள் அவற்றைப் பொருட்படுத்தவே இல்லை. முன்னைய அச்சம் கற்பனையில் எழுந்தது, இப்போதையதோ உண்மையில் வேரூன்றியது என்று ஒஸ்ரின் வேறுபாட்டைச் சுட்டிச் செல்கிறார். பின்னர் உண்மை முழுவதும் தெரியவந்தபோது, ஜெனரலைக் கொலைகாரர் என்று ஐயுற்றதால் அவருடைய குணத்துக்குத் தான் பெரிதாக அநீதி இழைத்துவிடவில்லை என்றே கதரின் உணர்கிறாள். இக்கருத்தை ஆசிரியை எவ்விதக் கேலியுமின்றி அவள் நெஞ்சில் வைத்திருக்கிறார்.

தொல்காப்பியரின் சொற்களாற் கூறுவதாயின், கதரின் அணங்கைத் தேடினாள், அங்கிருந்தது இறை. அவளுடைய பிழை அச்சத்தின் நிலைக்களனை மாற்றிக் கொண்டதில் மட்டுமே உள்ளது. அவ்வீட்டில் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு என்பதில் அவள் பிழைபடவில்லை. கல்வியும் தெளிவும் வாய்ந்த ஹென்றி, அங்கேயே பிறந்து வளர்ந்தவன், அதைச் சொல்ல நாவெழாதிருந்தவன். வந்து சில நாட்களே ஆன இப்பெண்ணுக்கு அது எவ்வாறு புலனாயிற்று? தந்தை அறையில் இருக்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதையும், அவர் வெளியே சென்றதும் பேச்சு இலகுவாவதையும் அவள் கவனித்திருந்தாள். வீட்டின் தலைவனைக் கூர்ந்து நோக்கும் அந்தப் பழக்கத்தை அவளுக்குத் தந்தவை அவள் படித்த நாவல்களே என்பது என் துணிபு.

ஏனெனில் அந்நாவல்களின் உள்ளடக்கம் நாம் நினைப்பதுபோல் பேய் அன்று. ‘யூடொல்போ’வில் மொன்ரோனி தன் மனைவியைக் கோபுரத்தில் அடைத்து வைப்பது அவள் தன் நிலங்களை அவனுக்கு எழுதிக்கொடுக்க மறுத்தமையாலேயே. அவள் அங்கேயே நோயுற்று இறந்தபின், அவளுடைய மருமகள் எமிலியை அதே கையெழுத்துக்காக வருத்துகிறான். இசபெல்லாவின் பட்டியலில் முதலில் நிற்கும் ‘வொல்பன்பாக் கோட்டை’யில் பேயுலவுவதாக ஊரார் நம்பும் கோட்டையில் உண்மையில் இருப்பவள் கணவனாற் சிறைவைக்கப்பட்ட ஒரு பிரபுவின் மனைவி. அதனை 1793 இல் எழுதிய எலைசா பார்சன்ஸ், கணவனை இழந்தபின் பிள்ளைகளை வளர்ப்பதற்காகப் பேனா பிடித்தவர். மணமான பெண்ணின் சொத்தும் உழைப்பும் பொதுச்சட்டப்படி கணவனுக்கே உரியனவாயிருந்த நாடு அன்றைய இங்கிலாந்து. 1870, 1882 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை அந்நிலை மாறவில்லை. இவ்வுண்மையை யதார்த்த நாவல் வெளிப்படப் பேசத் தயங்கிய காலத்தில், இத்தாலியக் கோட்டை, பதினாறாம் நூற்றாண்டு என்ற திரைகளை இட்டுத் திகில் நாவல் பேசிக்கொண்டிருந்தது. சொத்துறவை முதன்மைப்படுத்தும் விமர்சகர் இவற்றைத் தப்பியோடும் இலக்கியம் என ஒதுக்குவது, தம் வீட்டுப் பொருளைத் தாமே அடையாளங் காணாது விடுவதை ஒக்கும்.

மினேர்வா நாவல்கள் யாவும் உயர்ந்த படைப்புகள் என்று சொல்ல வரவில்லை. பல நாவல்களில் நடை நீர்த்துப்போயுள்ளது. மயங்கி விழும் காட்சிகள் சலிப்பூட்டுகின்றன. பல சந்தர்ப்பங்களில் கதாநாயகியின் துன்பம் ஒரு பரம்பரைச் சொத்து கிடைத்தவுடன் துடைத்தெறியப்படுகிறது. அந்நாவல்களைப் பற்றித் தோழியர் பேசிய பேச்சும் எல்லா வேளையிலும் ஆழமானதன்று. இசபெல்லா பட்டியலை வாசித்து முடித்த சிறிது நேரத்துக்குள் மண்டபத்தில் நிற்கும் இரு இளைஞர்மேல் அவள் கண் போய்விடுகிறது. ஆயினும் ‘பயமாக இருந்ததா?’ என்று அவ்வாசகர் கேட்ட கேள்வி, ‘எதைக் கண்டு பயந்தாய்?’ என்ற கேள்விக்கு இரண்டடி தொலைவிலேயே நிற்கிறது. விமர்சகர் வந்து சேரவேண்டிய இடமும் அதுவே.

கதையின் முடிவில் எனக்குள்ள அதிருப்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கதரினை மணக்கத் தந்தையை எதிர்த்து நிற்கிறான் ஹென்றி. இது அவனுக்குப் பெருமை. ஆனால் ஜெனரலின் இசைவு கிடைப்பது அவ்வெதிர்ப்பினாலன்று. எலியனோர் பட்டமும் பணமும் உள்ள ஒருவனை மணந்துகொண்டதால் மனங்குளிர்ந்தே அவர் இணங்குகிறார். அம்மணமகனை நாம் நாவலில் எங்கும் கண்டதில்லை. முன்னொருமுறை தங்கிச் சென்றபோது அவனுடைய பணியாள் மறந்துவிட்டுப்போன சலவைக் கணக்கே அன்றிரவு கதரினை நடுங்க வைத்தது என்று ஒரு வாக்கியத்தில் அவனை அறிமுகப்படுத்திவிட்டு ஒஸ்ரின் நகைத்தபடி நகர்கிறார். எலியனோர் அவ்வீட்டைவிட்டு வெளியேறக் கிடைத்த ஒரே வழி அத்திருமணந்தான். ஜெனரல் தம் மடத்தில் தம் ஆணையோடு அப்படியே இருக்கிறார்.